ஸ்பெஷல்

பச்சை வேன் யாரை ஏற்றிக்கொண்டு போகும் என்று பர்மிங்காமில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரியும். மம்மிக்கு மட்டும் தெரியாது. பார்படோஸிலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமாகியும் அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடமும் சர்ச்சும் வீடும்தான்.

என் தம்பி செல்வினுக்கு ஏழு வயது. பள்ளிக்கு ஒருவர் வந்து படங்களைக் காட்டிப் பெயர் கேட்டாராம். தண்ணீர்க் குழாய்க்கு இவன் 'பைப்' என்றிருக்கிறான். எங்கள் வீட்டில் அதுதான் பெயர். வெள்ளைக்காரர்களுக்கு அது 'டேப்'. இப்படி நாலைந்து தப்பு; பையன் மந்தம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பைபிளின் இருபத்துமூன்றாம் சங்கீதத்தை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறவன் மந்தமாம். எனக்கு வீட்டில் பைப், பள்ளியில் டேப். அதை அவனுக்குச் சொல்லித்தர எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டுக்கு வந்த கடிதத்தில் மந்தம் என்று இல்லை. 'ஸ்பெஷல் ஸ்கூல்' என்று இருந்தது. மம்மிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சம்மதம் என்று கையெழுத்துப் போடும் முன்பே சர்ச் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"அது மக்குப் பசங்க போற ஸ்கூல் மம்மி. கையெழுத்துப் போடாதீங்க."

அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்துவிட்டு என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். "உன் தம்பி முன்னுக்கு வந்தா உனக்கு ஏண்டி வயிறு எரியுது?"

மறுபடி வாயைத் திறந்திருக்கலாம். எனக்குப் பயம். கையெழுத்து விழுந்தது.

திங்கட்கிழமை, சர்ச்சுக்குப் போடும் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் அவனை வேனில் ஏற்றிவிட்டாள். சாயங்காலம் என்ன படித்தாய் என்று கேட்டதற்கு, பாசிமணி கோத்த கயிறு ஒன்றை நீட்டினான். நாளைக்கும் மணிதானாம்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அந்தப் பள்ளிக்கே போனாள். கையெழுத்துப் போட்டது போட்டதுதான், இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். வந்தவள் தொப்பியைக்கூடக் கழற்றாமல் செல்வினைச் சமையலறைக்கு இழுத்துப்போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

"இது என்னடா?"

"பைப், மம்மி."

"டேப். சொல்லு."

தொண்டை கட்டும்வரை சொல்ல வைத்தாள். என்னை ஏறெடுத்துப் பார்க்கவே இல்லை. அறைந்தபோதுகூட அவ்வளவு வலிக்கவில்லை.

காலையில் வேன் வந்தது. செல்வின் டிரைவர் முன்னால் விறைப்பாக நின்று, "டேப்" என்றான்.

அவர் சிரித்தார். அவன் தலையைத் தடவி உள்ளே ஏற்றி, வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டார்.