சாம்பலில் இல்லாத நெருப்பு

ஜெகதாம்பாள் நாள்தோறும் காலையில் சாம்பலைத் தொட்டுப் பார்ப்பார். கொல்லையில் வெந்நீர் அடுப்பு எரிந்து தணிந்ததும், எஞ்சிய தணலை ஒரு பழைய இரும்புச் சட்டியில் வாரிப் போட்டு, அதன்மேல் ஒரு சொம்புத் தண்ணீரை வட்டமாக ஊற்றுவார். சீறல் அடங்கும்வரை அருகிலேயே குந்தியிருப்பார். பிறகு குச்சியால் கிளறி, இன்னொரு சொம்பு ஊற்றி, புறங்கையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். கைக்குக் குளிர்ச்சி தட்டுப்பட்டால்தான் எழுந்து சென்று குப்பைமேட்டில் கொட்டுவார். மணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளில் தொடங்கிய பழக்கம் அது. கணவர் இறந்து தனியாளான பின்னும் மாறவில்லை. ஆனால் அவர் அப்படிச் செய்கிறார் என்று சாட்சி சொல்ல அந்த ஊரில் ஒருவரும் முன்வரவில்லை.

உத்திரமேரூரிலிருந்து பேருந்தில் சற்று நேரம் சென்றால் வரும் ஏரிக்கரை ஊர் அது. பக்கத்து வீடு கணவரின் தம்பி தேவராஜனுடையது. இரு வீட்டுக்கும் கொல்லை ஒன்றே. போன தை மாதம் நெல் அறுப்பு முடிந்த கையோடு காலந்தவறிய மழை பெய்தது. மாடுகளுக்கு ஆண்டு முழுவதும் வேண்டிய தீனி வயலில் நனைந்து கிடக்க, தேவராஜன் பதறிப்போனார். வைக்கோல் கட்டும் இயந்திரத்தை வரவழைத்து, அரைகுறையாகக் காய்ந்ததை இறுகக் கட்டச் செய்தார். கொல்லையில், அண்ணியின் குப்பைமேட்டை அடுத்து, ஈரக் கட்டுகளை நடுவில் அடுக்கி, காய்ந்த கட்டுகளால் சுற்றிலும் மூடி, மேலே தார்ப்பாயும் போர்த்தினார். இனி ஒரு சொட்டு மழையும் உள்ளே போகாது என்று அவருக்கு நிம்மதி. உள்ளே போனது வெளியே வருமா என்று அவர் நினைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஊர்களில் மழைக்கு அஞ்சுகிற எல்லோருமே அப்படித்தான் அடுக்குவார்கள்.

சில வாரங்கள் கழித்து, ஒரு நண்பகலில் அந்த வைக்கோல்போர் எரிந்து சாம்பலானது.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் கூட்டமாக நின்றவர்கள் நடுவே, தேவராஜன் தன் அண்ணியை நோக்கிக் கையை நீட்டினார்.

"வேற ஒண்ணும் இல்ல. எங்க அண்ணி கொட்டற சாம்பலுதான். தணல அப்பிடியே கொட்டிட்டுப் பூடறாங்க."

"தண்ணி ஊத்தாம நான் கொட்ட மாட்டேன், தேவராஜு. உனக்குத் தெரியாதா?"

"இன்னாத்த தெரியறது? அப்போ போரு தானா பத்திக்கிச்சா?"

பால் கேனில் சாய்ந்து நின்ற முத்துவேல் குரல் கொடுத்தார்: "வைக்கோலு பீடி புடிச்சிருக்கும்பா!"

கூட்டம் சிரித்தது. வழக்கு விசாரணை அந்தச் சிரிப்போடு முடிந்துவிட்டது.

அந்த வாரமே கொல்லையின் நடுவில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப்போட்டு வேலி கட்டினார் தேவராஜன். அவர் மனைவி ரேணுகா, குழம்புக் கிண்ணத்தோடு நாள்தோறும் வந்துகொண்டிருந்தவள், வருவதை நிறுத்தினாள். ஜெகதாம்பாள் தன் குப்பைமேட்டைக் கொல்லையின் மறுகோடிக்கு மாற்றிக்கொண்டார். பால் சொசைட்டிக்கும் எல்லோரும் ஊற்றிவிட்டுப் போன பின்பு கடைசியாகச் செல்லத் தொடங்கினார். பால் அளக்கும் மோகன்குமார் கேன்களை மூடும் நேரத்தில் வந்து, தன் தூக்குவாளியை நீட்டி, ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்புவார்.

வேலிக்கு அப்பால் மிக்ஸி ஓடும், தொலைக்காட்சி பேசும். இப்பால் பசுமாடு அசைபோடும் ஓசை மட்டும். இந்த ஆண்டுப் பொங்கலன்று அடுத்த வீட்டில் பானை பொங்கியபோது தெருவே அதிரக் கூவினார்கள். பிறகு ஜெகதாம்பாளின் பானையும் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்" என்று அவர் தனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டு, அடுப்பைத் தணித்தார்.

அறுப்பு வந்தது. இந்த ஆண்டும் மழை வந்தது. தேவராஜன் சென்ற ஆண்டைப் போலவே ஈரக் கட்டுகளை நடுவில் வைத்து, மாட்டுக் கொட்டகையை ஒட்டிப் போர் போட்டுத் தார்ப்பாயால் மூடினார். நெருப்பு வேலிக்கு அப்பாலிருந்து வருகிறது என்று ஊரை நம்பவைத்து, தானும் நம்பத் தொடங்கியவருக்கு வேலியே போதுமானதாக இருந்தது.

அந்தப் போருக்குள் என்ன நடந்தது என்பதை ஒரு சிறு கதையாகச் சொல்லலாம்.

வெப்பம் ஒரு விருந்தாளி. எந்த வீட்டிலும் தங்கிவிட விரும்பாதவன். வெளியேற அவனுக்கு மூன்று வாசல்கள் உண்டு. ஒன்றையொன்று தொட்டிருக்கும் பொருள்கள் வழியே கைமாறிக் கைமாறிப் போய்விடுவான், அது கடத்தல். காற்றின் தோளிலோ நீரின் தோளிலோ ஏறிக்கொண்டு போவான், அது சலனம். எவர் துணையும் இன்றி, வெயில் வருவதுபோல வெட்டவெளியையும் தாண்டுவான், அது கதிர்வீச்சு. இவன் ஒருமுறை வைக்கோல் மாளிகையில் பிறந்தான். மாதக்கணக்கில் வெயிலின் ஒளி ஆற்றலை வாங்கி, வேதி ஆற்றலாக்கித் தன் தண்டில் சேர்த்துவைத்திருந்தது நெற்பயிர். ஈரம் கண்டதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விழித்து அந்தச் சேமிப்பைத் தின்றன, தின்றது வெப்பமாயிற்று. பிறந்தவன் முதல் வாசலைத் தட்டினான். ஒவ்வொரு வைக்கோல் குழலுக்குள்ளும் அசையாத காற்று படுத்திருந்தது. "என்னால் உன்னைக் கைமாற்ற முடியாது" என்றது. இரண்டாம் வாசலுக்கு ஓடினான். இறுகக் கட்டிய கட்டும் தார்ப்பாயும் காற்றோட்டத்தை அடைத்திருந்தன. மூன்றாம் வாசலோ மாளிகையின் வெளிச்சுவரில் இருந்தது. நடு அறையில் கிடந்தவனுக்கு அது எட்டவில்லை. இதற்குள் அவனுக்குத் தம்பிகள் பிறந்துகொண்டே இருந்தார்கள். சூடு தாங்காமல் நுண்ணுயிர்கள் மடிந்த பின்னும் வைக்கோல் தானாகவே காற்றின் உயிர்வளியோடு சேர்ந்து மேலும் சுட்டது. வழிவிட்டால் சாதுவாகப் போயிருப்பான். அடைத்துவைத்ததால் மாளிகையே அவனுக்கு விறகாகிவிடும்.

ஒரு பனிக்காலை. சாம்பலைக் கொட்டிவிட்டுத் திரும்பிய ஜெகதாம்பாள் மூச்சை இழுத்து முகர்ந்தார். கருகிய வெல்லமும் புகையிலையும் கலந்தாற்போன்ற வாடை. சென்ற ஆண்டும் இதே வாடை வந்தது. யாரோ பாகு காய்ச்சுகிறார்கள் என்று எண்ணியிருந்தார். வேலிக்கு மேலாகப் பார்த்தார். போரின் நடுப்பகுதியில், தார்ப்பாய் விலகிய ஓர் இடத்திலிருந்து மட்டும் வெள்ளையாக ஆவி எழுந்துகொண்டிருந்தது.

அவருக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. சென்ற ஆண்டு நடந்ததும் இதுதான்.

அத்துடன் இன்னொன்றும் விளங்கியது. இப்போது நடுவில் முள்வேலி இருக்கிறது. தம் சாம்பல் கொல்லையின் மறுகோடியில் கிடக்கிறது. இந்தப் போர் இன்று எரிந்தால், அதை அவர் தலையில் எவராலும் கட்ட முடியாது. பழைய பழியும் தானாகவே கழன்று விழும். அவர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. உள்ளே சென்று கதவைச் சாத்திக்கொண்டால் போதும். எச்சரிக்கப் போனாலோ, போர் அருகே காணப்பட்டவள் என்ற புதுப் பழி வரும்.

சட்டியைக் கையில் பிடித்தபடி நெடுநேரம் நின்றார். கொட்டகை மூலையில், போரை ஒட்டிக் கட்டியிருந்த கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துத் துள்ளியது.

"ரேணுகா! ஏ ரேணுகா!" என்று கூவினார். ரேணுகா எட்டிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். ஜெகதாம்பாள் சட்டியைக் கீழே வைத்தார். முள்ளை விலக்கி, புடவை கிழியக் கிழிய வேலியைத் தாண்டினார். ஆவி வந்த இடத்தில் இரு கட்டுகளுக்கிடையே கையை நுழைத்தவர், அலறிக்கொண்டு வெளியே இழுத்தார்.

"யாரு அது? போராண்ட இன்னா வேல உங்களுக்கு?" பல் துலக்கிக்கொண்டிருந்த தேவராஜன் நுரை வாயோடு ஓடிவந்தார்.

"உள்ள கொதிக்குது, தேவராஜு. மொதல்ல கண்ணுக்குட்டிய அவுத்து வுடு."

"போன வருசம் எரிச்சது பத்தலையா? கையில இன்னா வெச்சிக்கினு கீறீங்க?"

ஜெகதாம்பாள் இரு கைகளையும் விரித்துக் காட்டினார். ஒன்றும் இல்லை. வலக்கை மட்டும் சிவந்திருந்தது.

"பனிக்காலத்துல அப்பிடித்தான் பொக மாதிரி தெரியும். இதுக்குப் போயி வேலி தாண்டிக்கினு வர்றதா? காலங்காத்தால பேஜாரு!"

"பனின்னா போரு பூரா வரணும். ஒரே எடத்துல ஏன் வருது? என்ன நம்ப வாணாம். அந்தக் கடப்பாரைய உள்ள சொருவி, கொஞ்ச நேரம் வெச்சி எடு. இரும்புக்கு உன் மேல கோவமா, என் மேல பாசமா?"

தேவராஜன் எரிச்சலோடுதான் கடப்பாரையைக் குத்தினார். சற்றுப் பொறுத்து உருவினார். உள்ளே இருந்த பகுதியிலிருந்து ஆவி பறந்தது. நுனியைத் தொட்டவர் "ஐயய்யோ!" என்று அதைக் கீழே போட்டார். கொட்டகைக்கு ஓடினார். கன்றையும் மாடுகளையும் அவிழ்த்து ஓட்டிய பின், ரேணுகா தீயணைப்பு நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசினாள்.

வண்டி வந்தது. வந்தவர்கள் தண்ணீர்க் குழாயைத் தயாராக நீட்டிப் பிடித்துக்கொண்டு, கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கினார்கள். வெளிக்கட்டுகள் பொன்னிறம், அடுத்தவை பழுப்பு, நடுவில் இருந்தவை கரி. புதுக்காற்று பட்டதும் ஒரு கட்டு குப்பென்று எரிந்தது. தண்ணீர் அதன்மேல் பாய்ந்தது.

"ஈர வைக்கோல மூடி வெச்சா தானா சூடாயி பத்திக்கும்ங்க. இதுக்கு நெருப்பே வாணாம்," என்றார் குழாயைப் பிடித்திருந்தவர். "நல்லா காய வெச்சி அடுக்கணும். போன வருசமும் எரிஞ்சிதாமே? எங்கேர்ந்து புடிச்சிது?"

தேவராஜன் கரியாகிக் கிடந்த நடுக்கட்டுகளைப் பார்த்தார். சென்ற ஆண்டும் வெளிக்கட்டுகள் நிற்கும்போதே நடுப்பகுதி உள்வாங்கிச் சரிந்ததை அவர் தம் கண்ணாலேயே பார்த்திருந்தார். சாம்பல் வெளியே அல்லவா கிடந்தது என்று அன்று அவர் தம்மைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சுட்ட கையை நனைக்கக் கொல்லைக் குழாயடிக்குச் சென்ற ஜெகதாம்பாளின் அருகில் ரேணுகா மட்டும் வந்து நின்றாள். "அக்கா, கையக் காட்டுங்க," என்றாள். ஓராண்டுக்குப் பின் அவள் பேசிய முதல் வார்த்தை. ஓடும் தண்ணீரில் அந்தக் கையைப் பிடித்தபடியே நின்றிருந்தாள். ஜெகதாம்பாள், கை எரிச்சல் குறைந்ததும், வந்த வழியாகவே தம் வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை பால் சொசைட்டியில் பெரிய சலசலப்பு. தேவராஜன் அளவைமேசையை மறித்துக்கொண்டு நின்றார்.

"யாரும் ஊத்தாதீங்க. எங்க அண்ணி வரட்டும்."

"வண்டி வர்ற நேரம் அண்ணே," என்றார் மோகன்குமார். "அவங்க கடைசியாத்தான் வருவாங்க. பாலு திரிஞ்சி போனா யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நேத்து வைக்கோலு வெந்துது, இன்னிக்கு பாலு தயிராவப் போவுது," என்று முத்துவேல் தொடங்கினார். தேவராஜன் திரும்பிப் பார்த்த பார்வையில் அவர் குரல் தேய்ந்தது.

வழக்கம்போலத் தெரு வெறிச்சோடியிருக்கும் என்று எண்ணி, கையில் துணி சுற்றி, தூக்கோடு வந்தார் ஜெகதாம்பாள். ஊரே தூக்கும் கையுமாக நிற்பதைக் கண்டு அவர் கால்கள் நின்றுவிட்டன. திரும்பிப் போக முற்பட்டார்.

"போவாதீங்க அண்ணி. போன வருசம் இங்கதான் நின்னு பேசினேன். இங்கதான் சொல்லணும்." தேவராஜன் கூட்டத்தை நோக்கித் திரும்பினார். "போன வருசம் எரிஞ்சது என் போரு. எரிச்சது நான் வெச்ச ஈரம். இவங்க சாம்பலுல ஒரு பொறி கூட இருந்ததில்ல. எனக்கு அது தெரியும். எங்க அண்ணன் கல்யாணத்துலேர்ந்து பாத்துக்கினுதான் கீறேன். தெரிஞ்சிதான் சொன்னேன். ஊரு முன்னால என்ன மன்னிச்சிடுங்க."

எவரும் சிரிக்கவில்லை. முத்துவேல் தன் கேனின் மூடியைத் திருகுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு, "நான் அன்னிக்கு அப்பிடிக் கிண்டல் பண்ணிருக்கக் கூடாதும்மா," என்றார் தரையைப் பார்த்தபடி.

தேவராஜன் அண்ணியின் தூக்கை வாங்கி, வரிசையின் முன்னால் வைத்தார். "மொதல்ல இவங்களுது."

பால் ஊற்றி முடிந்ததும் தேவராஜன் வீடு நோக்கி வேகமாக நடந்தார். ஜெகதாம்பாள் மெதுவாக வந்து சேர்ந்தபோது, கொல்லையில் அவர் வேலிக்காத்தான் முள்ளை வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். உள்ளங்கையில் ஏற்கெனவே ரத்தம்.

ஜெகதாம்பாள் உள்ளே சென்று ஒரு கோணிப்பையை எடுத்துவந்து, வேலிக்கு மேலாக நீட்டினார்.

"முள்ளு வெஷம். கையில சுத்திக்கினு எடு."