பட்டுக்கை ஐயா கையுறையைக் கழற்றிய நாள்

பட்டுக்கை ஐயாவைத் தீர்த்துக்கட்டுவது என்று அண்ணன் முடிவு செய்துவிட்டான். இருநூறாவது இதழ், கடைசிப் பக்கம், பதினெட்டாவது மாடியிலிருந்து விழுந்து சாக வேண்டும். பதினேழு வருஷமாக நகரத்தின் பாதித் திருட்டையும் முக்கால்வாசிக் கடத்தலையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே நடத்திவந்த மனுஷன். ஒரே ஒரு சிக்கல்தான். அவரைக் கொல்ல அண்ணனால் ஆகாது. தங்கைதான் கொல்ல வேண்டும்.

அந்தச் சித்திரக்கதை உருவாகும் விதம் அப்படி. கதை அண்ணனுடையது. பறந்து வந்து அக்கிரமத்தை ஒழிக்கும் எரிகல் என்ற வீரனை வரைவதும் அவன்தான். எரிகல்லை மையில் தீட்டிவிட்டு, பக்கத்தில் வெள்ளையாக இடம் விடுவான். அந்த இடத்தில் தங்கை பட்டுக்கையை வரைவாள். அச்சகத்து மாடியில் ஒரே மேஜை, எதிரெதிராக இரண்டு நாற்காலி. அண்ணனின் வலது கைச் சுண்டுவிரல் சின்ன வயதிலேயே கோணிப்போனது. தூரிகை பிடித்தால் அது மட்டும் தனிக்கட்சியாக நீட்டிக்கொண்டு நின்று, ஈர மையில் பட்டு இழுத்துவிடும். "சுண்டுவிரலை மடக்குண்ணா" என்று அவள் சொல்லாத நாள் கிடையாது.

ஐயாவின் பட்டுக் கையுறைக்கு வாசகர்கள் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கைரேகை விழாமல் இருக்க என்றார்கள், பழைய தீக்காயம் என்றார்கள். உண்மை என்னவென்றால், தங்கைக்கு விரல் வரைய வராது. வரைந்தால் வாழைப்பழச் சீப்பு மாதிரி வரும். "கையுறையை மாட்டி விட்டுடு, பெரிய இடத்துத் திருடன் மாதிரி இருக்கும்" என்று அன்று யோசனை சொன்னதே அண்ணன்தான். அதற்கப்புறம் ஐயா குளிக்கும்போதுகூடக் கையுறையைக் கழற்றியதில்லை.

அப்படிப்பட்ட அண்ணனுக்கு இப்போது என்ன வந்தது? கடிதம் வந்தது. போன மாதம் வந்த நாற்பத்தொரு கடிதத்தில் முப்பத்தாறு பட்டுக்கையைப் பற்றி. போதாக்குறைக்கு ஒரு வாசகி, "எரிகல் குறுக்கே வராமல் இருந்தால் கதை இன்னும் விறுவிறுப்பாக இருக்கும்" என்று வேறு எழுதித் தொலைத்தாள். அண்ணன் அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் கதைத்தாள் மேஜைமேல் கிடந்தது.  படித்து முடித்த தங்கை தூரிகைகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினாள்.

அதோடு பேச்சுவார்த்தை நின்றது. பக்கங்கள் மட்டும் அவள் கணவரின் ஸ்கூட்டரில் போய் வந்தன. மருந்துக்கடை வைத்துப் பிழைக்கிற மனுஷர், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார்.

மூன்றாம் பக்கம் வந்தது. எரிகல் ஓங்கிக் குத்துகிறான். தாடை இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. ஐயா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதாக வரைந்து அனுப்பினாள். குத்து காற்றில் போனது. ஐந்தாம் பக்கத்தில் எரிகல் இரும்பு பீரோவையே தூக்கி வீசினான். ஐயா ஓரமாக நாற்காலியை நகர்த்திப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணனிடமிருந்து சீட்டு வந்தது: "கதைப்படி வரையவும்."

அவள் அதன் பின்பக்கத்திலேயே எழுதினாள்: "கதை என்னவென்று ஐயாவுக்குத் தெரியாது."

"மச்சான் மூஞ்சியே சரியில்ல," என்றார் கணவர். "வாங்க மாப்பிள்ளைன்னுகூடச் சொல்லல. அந்த பீரோவை வரைய ரெண்டு நாள் ஆச்சாம்."

"தூக்கிப் போடறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்."

சொல்லிவிட்டாள், சரி. ஐயா போய்விட்டால் அந்த மேஜையில் அவளுக்கு என்ன வேலை? இது அண்ணனுக்குத் தெரியாதா? தெரிந்தேதான் எழுதினானா? அந்த நினைப்பில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசிப் பக்கமும் வந்தது. எரிகல் மாடி விளிம்பில் குப்புறப் படுத்துக் கையைக் கீழே நீட்டியிருந்தான். கூடவே குறிப்பு: "கையுறை கழன்று எரிகல்லின் பிடியில் தங்குகிறது. பட்டுக்கை விழுகிறார். வெறுங்கை தெரிய வேண்டும்." கடைசி மூன்று சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

"கொல்றதோட விடல பாருங்க, மானத்தையும் வாங்கறான்!" என்று கணவரிடம் குதித்தாள்.

நாலு நாள் அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு வரைந்து பார்த்தாள், மருந்துக்கடையிலேயே.

"ஆட்டாதீங்க."

"மாத்திரை எடுக்க வேணாமா? ஆள் நிக்கிறாங்க."

அத்தனையும் வாழைப்பழம். ஐந்தாம் நாள் காலையில் யார் கையையும் பார்க்காமல், கோபத்தோடு கோபமாக இழுத்தாள். வந்துவிட்டது. கையுறை கழன்று தொங்கியது. ஐயாவின் வெறுங்கை எரிகல்லின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தது. விழவில்லை. பக்கத்தைச் சுருட்டிக்கொண்டு அவளே கிளம்பினாள்.

அச்சகத்து மாடியில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் நாற்காலியில் கடிதக் கட்டு ஏறி உட்கார்ந்திருந்தது. அவன் பக்கத்தை விரித்துப் பார்த்தான்.

"விழலையே?"

"விழ மாட்டார்."

அண்ணன் குனிந்தான். அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு தன் வலது கையைத் தூக்கிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது என் கைதானே?"

அவளும் அப்போதுதான் பார்த்தாள். ஐயாவின் சுண்டுவிரல் கோணலாகத் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. பதினேழு வருஷம் எதிரில் உட்கார்ந்து பார்த்த கை, கேட்காமலே வந்து விழுந்திருக்கிறது. 

"எல்லாரும் அவரைத்தான் கேக்கறாங்க," என்றான் அண்ணன், படத்தைப் பார்த்தபடியே. "எனக்குப் பொறாமைதான். வேற ஒண்ணுமில்ல."

"அதுக்குக் கொலையா?"

"நீ போனப்புறம் ஒரு குத்துகூடச் சரியா விழல. எதிர்ல ஆள் இருந்தாத்தான் கை ஓடுது."

"நான் குனிஞ்சுக்கிட்டா எப்படி விழும்?"

அண்ணன் சிரித்துவிட்டான். தூரிகையை மையில் தோய்த்து, எரிகல்லின் இன்னொரு கையையும் கீழே இறக்கி, அந்த வெறுங்கையைப் பிடிக்க வைத்தான். சுண்டுவிரல் ஈர மையில் பட்டு இழுத்தது.

"சுண்டுவிரலை மடக்குண்ணா."

"எப்படி மடங்கும்? ஏழு வயசுல, ஒரு பென்சிலுக்காக, அதுமேல கதவைச் சாத்தினது யாரு?"

அவள் கடிதக் கட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டு நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டாள்.