ஆறாத சூளை

சூளைக் கதவின் தாழ்ப்பாளைப் பழைய போர்வையால் சுற்றிப் பிடித்து இழுத்தாள் மகள். வெறுங்கையை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகுதான் திறக்கலாம். இது அம்மாவின் சட்டம். அதற்கு நாளை காலை ஆகிவிடும். அம்மா இன்று பொழுதைத் தாண்டமாட்டாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

உள்ளே இருந்தவை அம்மா படுக்கையில் விழும் முன் கடைசியாக வனைந்த தட்டுகள். மேல்பூச்சில் அவள் நினைத்த நீலம் வருடக்கணக்காகப் போக்குக் காட்டிக்கொண்டே இருந்தது. ஒரு முறை சாம்பலாக வரும், இன்னொரு முறை பச்சையாக வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்பும். இந்த முறை கட்டிலில் கிடந்தபடியே அவள் கலவை சொல்ல, மகள்தான் பூசிச் சுட்டாள்.

"அதை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்டி" என்றிருந்தாள் அம்மா, கடைக்குக் கிளம்புகிறவள் மாதிரி.

கதவு விலகியதும் அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே நீலம். அம்மா கேட்ட அதே நீலம். மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெளிக்காற்று உள்ளே போனது. ணங்கென்று ஒரு தட்டு வெடித்தது. பிறகு இன்னொன்று. அவசரமாகக் கதவைச் சாத்தினாள். பிரயோஜனமில்லை, உள்ளே வரிசையாக விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. பாழாய்ப்போன புத்தி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோட்டைச் சுவரோடு ஒட்டிய சின்ன வீடு. சூளைப் பட்டறைச் சத்தமெல்லாம் முற்றத்து ஜன்னல் வழியாகப் படுக்கையறைக்கு வந்துவிடும். ஓடிப்போய்ப் பார்த்தாள். அம்மா விழித்திருந்தாள்.

"என்னடி சத்தம்?"

"மழைம்மா. தகரத்துல விழுது."

அம்மா அவளுடைய சிவந்த முகத்தையும் பொசுங்கிய முன்மயிரையும் பார்த்தாள். தட்டு வெடிக்கும் அந்தச் சத்தத்துக்காக ஆயுள் முழுக்க எத்தனை பேரைத் திட்டியிருப்பாள்! இப்போதும் திட்டுவாள் என்று மகள் காத்திருந்தாள். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

"நல்ல மழையா?"

"ஆமாம்மா."

பட்டறையில் மறுபடியும் ணங்கென்றது. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

"நீலம் வந்துச்சா?"

மகள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துச்சும்மா. நீ சொன்ன மாதிரியே" என்றாள்.

"சரி, ஜன்னலச் சாத்து. நனஞ்சிடப் போறே."

 கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மூச்சு நின்றுவிட்டது. பட்டறையில் சத்தம் மட்டும் விட்டு விட்டுக் கேட்டது.

முற்றத்தில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மகள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள்.