பாரம் தாங்காத பிக்கப்

கடைத்தெருவில் தொட்டிக்காரர் என்று கேட்டால் யாரும் அந்த மீன்தொட்டிக் கடையைக் காட்டிவிடுவார்கள். கண்ணாடியை வெட்டுவதிலும் ஒட்டுவதிலும் அவர் கைக்கு ஈடு கிடையாது. வாயைத்தான் படைத்தவன் பாதி வேலையில் விட்டுவிட்டான். அதில் ‘முடியாது’ என்ற சொல் வராது. பக்கத்துக் கடைக்காரர் ஏணி கேட்டால் ஏணியையும் கொடுத்து, அவர் ஏறி இறங்கும்வரை பிடித்துக்கொண்டும் நிற்பார். முடிவெட்டுகிறவர், “இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?” என்று பேச்சுக்குக் கேட்டாலும் சரி என்பார். அப்படிச் சரி சரி என்று சொல்லியே ஒருமுறை மொட்டைத்தலையோடு வீடு வந்து சேர்ந்தார்.

இப்படிப்பட்ட மனிதரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டியும், வீடு கட்டுகிற ஒரு மச்சானும் இருந்தால் என்ன ஆகும்? மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். ஞாயிறு விடிந்ததும் வந்து சாவியை வாங்கிப் போவார். மணலும் செங்கல்லும் அடித்துவிட்டு, பொழுது சாயும்போது வண்டியைக் கொண்டுவந்து விடுவார். குடும்பம் குடும்பமாகத் தொட்டி வாங்க ஆட்கள் வருவதும் அதே ஞாயிற்றுக்கிழமைதான். வீட்டில் கொண்டுவந்து இறக்க வண்டி இல்லை என்றதும் வந்தவர்கள் வேறு கடைக்கு நடையைக் கட்டுவார்கள். தொட்டிக்காரருக்கு வயிறு எரியும், வாய் சிரிக்கும்.

மச்சானிடம் மறுத்துப் பேச முடியாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தொட்டிக்காரர் கல்யாணத்துக்குப் பெண் வீட்டிலிருந்து வந்த ஒரே ஆள் இந்த மச்சான்தான். மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோது இவர் மட்டும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்த நன்றிக்கு, தன் கையால் செய்ததிலேயே பெரிய தொட்டியை மச்சான் வீட்டுக் கூடத்தில் கொண்டுபோய் வைத்திருந்தார் தொட்டிக்காரர். போகும்போதெல்லாம் மீன்களை நலம் விசாரிப்பார். ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும், மச்சானும் வேண்டும், இதுதான் அவர் பாடு.

ஒரு ஞாயிறு, மணல் பாரத்தில் பின்பக்கத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகளில் மெயின் பட்டை ஒடிந்தது. மறுநாள் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தபடி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வண்டிக்கடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி அவர் சொன்னார்.

“ரெண்டு வழி இருக்கு. புதுசா பட்டையே போட்டா பாரம் தாங்கும், ஆனா வெறும் வண்டியா ஓட்டினா தூக்கிப் போடும். சுருளா இருக்கிற காயில் ஸ்பிரிங் போட்டா மெத்துன்னு போகும், உங்க கண்ணாடிக்கு நல்லது. வேலைதான் அதிகம். பட்டை பாரத்தையும் தாங்கி, ஆக்ஸிலையும் பிடிச்சுக்கும். காயிலுக்குத் தாங்க மட்டும்தான் தெரியும். பிடிக்கிறதுக்குத் தனியா கம்பி வெச்சு வெல்டு பண்ணணும். அப்புறம் ஓவர்லோடு ஏத்தினீங்கன்னா பின்னாடி உக்காந்துரும்.”

தொட்டிக்காரர் முகம் மலர்ந்தது. “எவ்வளவு உக்காரும்?”

கிரீஸ் வண்டிக்கடியிலிருந்து முழுசாக வெளியே வந்தார். எவ்வளவு தாங்கும் என்று கேட்கிறவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார்.

“மணல் ஏத்தினா டயர் மட்கார்டுல உரசும்.”

“அதையே போடுங்க.”

“யாரு, வீட்டுக்காரம்மாவோட அண்ணனா?” கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு இவ்வளவு வெல்டிங் எதுக்குங்க. தர முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா போச்சு.”

“எனக்காக நீங்க சொல்றீங்களா?”

“நான் வண்டிக்கு மட்டும்தான் மெக்கானிக்” என்று கிரீஸ் மறுபடி உள்ளே போய்விட்டார்.

காயில் போட்டு வந்த வண்டி குழியிலும் மேட்டிலும் மெத்தையாகப் போனது. தொட்டிக்காரர் மனைவியை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போனார். மடியில் தண்ணீர்ச் சொம்போடு உட்கார்ந்திருந்த அவளுக்குப் புடவை நனையவில்லை.

“அண்ணன் வந்து கேட்டா என்ன சொல்லப் போறீங்க?”

“நான் எதுக்குச் சொல்லணும்? ஸ்பிரிங்கே சொல்லிடும்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்து, சொம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பிரிங் சரியாகச் சொல்லுமோ என்று தொட்டிக்காரருக்கு உள்ளூரச் சந்தேகம். அதனால் ஒரு வேலை செய்தார். தொட்டியின் அடியில் பரப்புகிற கூழாங்கல்லை மூட்டை மூட்டையாகப் பிக்கப்பில் அடுக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார். ஞாயிறு காலை மச்சான் வந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம்.

“காயில் போட்டுட்டேன் மச்சான். பாரம் தாங்காதுங்கறான் கிரீஸ். நீங்களே பின்னாடி உக்காந்து பாருங்களேன்.”

மச்சான் உட்கார்ந்தார். ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்த வண்டி பொசுக்கென்று இறங்கி, மட்கார்டு டயரைத் தொட்டது. தொட்டிக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு, வீட்டில் இழவு விழுந்த மாதிரி நின்றார். அப்படி ஒரு நடிப்பு அவருக்குள் இருந்தது அவருக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

மச்சான் தன் வயிற்றையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே திரும்பி நடந்தே போய்விட்டார். அன்றைக்குக் கடையில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மூட்டைகளை இறக்கலாமா என்று யோசித்த தொட்டிக்காரர், மச்சான் மறுபடி வந்தால் உதவும், இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த ஞாயிறு மச்சான் வாடகை வண்டியில் வந்து இறங்கினார். கூட, கனமான ஒரு சாக்குப்பொட்டலம். பிரித்தால், எண்ணெய் மினுக்கோடு புத்தம் புதிய பட்டை செட்.

“என்னோட மணலாலதான உங்க வண்டி கெட்டுது. பழையபடி பட்டையே போட்டுரலாம் மாப்பிள்ளை. செலவு என்னோடது. கிரீஸ்கிட்டயும் சொல்லிட்டேன்.”

தொட்டிக்காரர் காயில் ஸ்பிரிங்கைப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குத் தலையாட்டினால் ஆயுசுக்கும் ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மறுத்தால், முன்வரிசையில் உட்கார்ந்த ஒரே ஆளும் போய்விடுவார். அவருக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

“முடியாது மச்சான்” என்றார். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. “ஞாயித்துக்கிழமை எனக்குக் கடையில வண்டி வேணும். இனிமே தர முடியாது. தப்பா எடுத்துக்காதீங்க. எடுத்துக்கிட்டாலும் முடியாது.”

மச்சான் அப்படியே பட்டைக் கட்டின்மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. போச்சு, அழவைத்துவிட்டோம் என்று தொட்டிக்காரர் குனிந்து பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கடைக்கால் தோண்டின அன்னிக்கு நீங்க என்ன சொன்னீங்க மாப்பிள்ளை? வேற வண்டி வெச்சீங்கன்னா உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னீங்க. டிப்பர் லாரி ஒரே நடையில கொட்டிட்டுப் போற மணலை, அதுக்குப் பயந்துக்கிட்டு வாரா வாரம் கிள்ளிக் கிள்ளி எடுத்துட்டு வந்தேன். இல்லேன்னா வீடு எப்பவோ முடிஞ்சிருக்கும்.”

“அப்ப இந்தப் பட்டை?”

“போன வாரம் நீங்க நின்ன நிலையைப் பாத்து மனசு கேக்கல. மச்சானுக்கு உதவ முடியலையேன்னு உடைஞ்சு போயிட்டீங்கன்னு நெனச்சேன்.”

வாசலுக்கு வந்த மனைவி கதவில் சாய்ந்துகொண்டாள். “ரெண்டு பேரும் தனித்தனியா எங்கிட்ட வந்து பொலம்புவீங்க. அவர்கிட்ட சொல்லிடாதன்னு ரெண்டு பேரும் சத்தியம் வேற வாங்குவீங்க. நான் என்னதான் பண்றது?”

மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் தைரியம் வந்துவிட்டது தெரிந்தது.

“அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். அந்தத் தொட்டியை எடுத்துக்கோங்க மாப்பிள்ளை. எனக்கு மீனுன்னா பயம். கண்ணே மூடாம நாள் முழுக்க என்னையே பாக்குதுங்க. பட்டை வண்டியில ஏத்தினா விரிசல் விட்டுரும்னு சொல்வீங்களே, அதான் கேக்கல. இப்பத்தான் காயில் இருக்கே.”

தொட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. அவர் செய்ததிலேயே அழகான தொட்டி அது. ஆனாலும் மறுக்கிற உரிமை தனக்கு மட்டும் சொந்தமில்லையே என்று சாவியை எடுத்தார்.

பிற்பகலில் மச்சான் வீட்டிலிருந்து தொட்டி கிளம்பியது. மீன்களைத் தண்ணீர்ப் பையில் கட்டி மனைவி மடியில் வைத்துக்கொண்டாள். மச்சான் பின்னால் ஏறித் தொட்டியைப் பிடித்துக்கொண்டார். தெரு முனை திரும்பும்போது மட்கார்டில் டயர் கர்ரென்று உரசியது.

“நான் ஒருத்தன் ஏறினதுக்கா இப்படி” என்று மச்சான் குரல் பின்னாலிருந்து கேட்டது. “போன வாரத்துலேர்ந்து ராத்திரி சாப்பாட்டையே விட்டுட்டேனே மாப்பிள்ளை.”

தொட்டிக்காரருக்கு அப்போதுதான் மூட்டைகள் நினைவு வந்தன. வண்டியை நிறுத்துவதற்குள் பின்னால் தார்ப்பாய் விலகும் சத்தம் கேட்டது. மனைவி மீன்பையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

டிரைவர் கூண்டின் பின்கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். தொட்டிக்காரர் மெல்லத் திரும்பினார். மச்சான் ஒரு கூழாங்கல்லைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மீனைப் போலவே கண்ணை மூடாமல்.

“இன்னிக்கு ராத்திரி எனக்கு உங்க வீட்டுலதான் சாப்பாடு” என்றார். “ஒரு வாரத்துதையும் சேத்து. முடியாதுன்னு சொல்லிப் பாருங்க மாப்பிள்ளை.”