டிரைவர் இல்லாமல் ஓடிய பஸ்

குட்டிக்கானம் இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பியதும் இடப்பக்கம் சரிந்து கிடந்த பாறைகள் தெரிந்தன. டிரைவர் ஔசேப்பு ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெடுக்கென்று ஒடித்தார். முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி எழுந்தது. அடுத்த கணம் அவர் இருக்கையில் இல்லை. இன்ஜின் பெட்டிமேல் குப்புறக் கிடந்தார்.

பஸ் தன்பாட்டுக்கு வலப்பக்கப் பள்ளத்தை நோக்கி உருண்டது.

பஸ்ஸின் முன்பக்கம் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் திரேசியா அவர் முதுகின் மேலேயே விழுந்து ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள்.

"பிரேக்கு! அச்சாயா, பிரேக்கு!"

ஔசேப்பு காலால் துழாவினார். முதலில் அகப்பட்டது கிளட்ச். வண்டி இன்னும் வேகமெடுத்தது. அடுத்த மிதியில்தான் பிரேக் கிடைத்தது. இடப்பக்க மலைச்சரிவில் மூக்கை இடித்துக்கொண்டு பஸ் நின்றது. நாலைந்து பேருக்கு உதடு கிழிந்திருந்தது, அவ்வளவுதான்.

முண்டக்கயத்தில் ஆட்களை இறக்கிவிட்டதும் ஔசேப்பு அவளைத் தனியே அழைத்தார்.

"மூணு மணிக்குக் கூட்டம். நான் சீட்டுலேருந்து விழுந்ததப் பத்தி வாயத் திறக்காதே."

ஒன்றாம் தேதியிலிருந்து சீட் பெல்ட் போடாத பஸ் டிரைவர்களின் லைசென்ஸைப் பிடுங்கப் போவதாக அரசு அறிவிப்பு வந்திருந்தது. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வதா என்று முடிவெடுக்கத்தான் அந்தத் தொழிலாளர் சங்கக் கூட்டம். முக்கியப் பேச்சாளர் ஔசேப்பு.

அவர் நன்றாகவே பேசினார். "மலையில வண்டி கவுந்தா குதிச்சுத் தப்பிக்கணும். கட்டிப் போட்டா எப்படிடா குதிக்கிறது? ஏசி ரூம்ல உக்காந்து சட்டம் எழுதினவன் ஒரு நாள் இந்த ரோட்டுல ஓட்டிப் பாக்கட்டும்!"

சங்கக் கட்டடம் கைதட்டலில் அதிர்ந்தது. செயலாளர் முகுந்தன் எழுந்தார். "சம்மதிக்கிறவங்க கையத் தூக்குங்க."

கைகள் உயர்ந்தன. திரேசியா கையைத் தூக்காமல் எழுந்து நின்றாள்.

"இன்னைக்குக் காலையில எங்க வண்டி டிரைவர் இல்லாம ஓடிச்சு."

"சேச்சி, நீங்களா ஓட்டினீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

"ஆமாடா, நான்தான் ஓட்டினேன். சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத நான். நாப்பது பேரு உள்ள இருந்தாங்க. ஔசேப்பு அச்சாயன் சீட்டுல இல்ல. குதிச்சுத் தப்பிக்கிறவங்க கணக்கெல்லாம் சரி, எங்களுக்கு யாரு ஸ்டியரிங் பிடிக்கிறது?"

சிரிப்பு நின்றது. முகுந்தன் திரும்பினார். "ஔசேப்பு, பொய்யின்னு சொல்லு."

ஔசேப்பு சட்டையை விலக்கினார். விலாவில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது.

"பெல்ட் இருக்கு. மாட்டுற கொக்கிதான் இல்ல," என்றார் மெல்ல. "முதலாளிகிட்ட மூணு தடவ கேட்டேன். பயமா இருந்தா ஆட்டோ ஓட்டப் போன்னாரு. அவர்கிட்டப் போய் மறுபடி கெஞ்சுறதுக்கு, பெல்ட்டே வேண்டாம்னு சொல்றது மானமா பட்டுச்சு."

பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருவருடைய பெல்ட்டை எலி கடித்திருந்தது. இன்னொருவருடைய இருக்கையே ஆடுகிறது. தப்பு முதலாளிமேல், லைசென்ஸ் போவது நம்முடையதா என்றார்கள். தீர்மானத்தை அடித்துவிட்டு வேறு எழுத இருட்டும் வரை ஆனது: சரியான பெல்ட் இல்லாத வண்டி ஸ்டாண்டை விட்டு நகராது.

வெளியே வந்ததும் ஔசேப்பு சீறினார். "நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே."

"உசுரோட நின்னு திட்டுறீங்கல்ல, திட்டுங்க," என்றாள் திரேசியா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஔசேப்பு என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்துக் கடையில் பால் விடாத ஒரு கட்டன்சாயா வாங்கிவந்து நீட்டினார்.

பதினொரு பஸ்கள் நான்கு நாள் நின்றன. ஐந்தாம் நாள் முதலாளிகள் இறங்கிவந்தார்கள். ஔசேப்பின் வண்டிக்குப் புது இருக்கையே வந்தது. ஒரு வாரம் வரை அவர் திரேசியாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெல்ட்டை மட்டும் தினமும் மாட்டினார், தோள்பட்டையை அறுக்கிறது என்று பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்துக்கொண்டே.