ஓரத்து வரி

கோப்ரெஸ் யாரையும் நம்பமாட்டார், தன் கையையும் சேர்த்து. வரி அலுவலகத்தில் ரசீது எழுதிப் பழகிய கை அது, பள்ளிக்கூடம் கண்டதில்லை. கிறிஸ்தவ சபைக்காக நற்செய்தியைப் பார்த்து எழுதும்போது ஒரு வரி விட்டுப்போனால், நாணல் தாளின் ஓரத்தில் எழுதிவைப்பார். எல்லா எழுத்தர்களும் செய்வதுதான். தொல்லை என்னவென்றால், படிக்கிறவர்களும் மனதில் பட்டதை அதே ஓரத்தில்தான் கிறுக்குவார்கள். எது விட்டுப்போனது, எது கிறுக்கியது என்று பிறகு எந்தக் கொம்பனாலும் சொல்ல முடியாது.

இப்போது அவர் பார்த்து எழுதிய பழைய படியிலும் ஓரத்தில் ஒரு வரி இருந்தது. பயந்து விலகினவர்கள் அழுதுகொண்டு வந்தால் அவர்களுக்கும் பந்தியில் இடம் கொடுங்கள் என்றது.

அவர் மகள் தாயேசிஸ், பேரரசரின் ஆணைக்குப் பயந்து சிலைக்குத் தூபம் போட்டவள். உயிர் மிஞ்சியது. சபை அவளைப் பந்தியில் சேர்க்காமல் தள்ளிவைத்துவிட்டது.

கோப்ரெஸ் அந்த வரியைப் பத்திக்கு நடுவிலேயே சேர்த்து எழுதினார்.

பழைய படியோடு ஒப்புநோக்க வந்த சபை மூப்பர் சரபம்மோன் அந்த இடத்தில் நின்றுவிட்டார். தூபம் போட மறுத்த தம்பியைக் கொலைக்களத்தில் பறிகொடுத்தவர் அவர். இது எவனோ இளகிய மனசுக்காரன் கிறுக்கியது, மை காய்வதற்குள் துடையும் என்று கடற்பஞ்சை நீட்டினார்.

"எவனோன்னா எவன்? நீங்க பாத்தீங்களா?"

"நீரும் பாக்கலையே. மகளுக்காக எழுதினேன்னு சொல்லும்."

"ஆமா, அவளுக்காகத்தான். நீங்க துடைக்கச் சொல்றது யாருக்காக? தம்பிக்காகத்தானே?"

மூப்பரின் முகம் சுண்டிப்போனது. குப்பைமேட்டில் கண்டெடுத்த பிள்ளைக்கு வைக்கிற பெயர்தானே உமக்கு, புத்தி வேறெங்கே போகும் என்றார்.

"குப்பையில கிடந்ததையும் ஒருத்தி தூக்கி வளத்தா. உங்களை மாதிரி தாண்டிப் போயிருந்தா, இன்னிக்கு உங்களுக்கு எழுத ஆள் ஏது?"

துடைக்காவிட்டால் வேலையும் கிடையாது, பந்தியும் கிடையாது என்றார் மூப்பர். கோப்ரெஸ் பஞ்சை அவர் பக்கமே தள்ளினார். மூப்பர் தானே துடைத்தார், அழுத்தி, நார் எழும்பும்வரை.

கோப்ரெஸ் எழுதுகோலை மடியில் செருகிக்கொண்டு எழுந்தார்.

"நான் எழுதினதுல இது ரெண்டாவது படி. மொதப் படி நீங்க பாக்கறதுக்கு முன்னாடியே ஹெர்மோபோலிஸ் சபைக்குப் படகுல போயிடுச்சு. இந்த வரி அதுலயும் இருக்கு. அங்க போயும் துடைங்க, போங்க."

வீட்டுக்குப் போய், மூட்டை கட்டு என்று மகளிடம் சொன்னார். எங்கே என்று கேட்டாள். அந்தப் படி போன ஊருக்குத்தான் என்றார்.