உரிந்த வெள்ளை

குளியலறைத் தொட்டியைக் குனிந்து பார்த்தேன். பத்து நாளைக்கு முன் நான் பளீரென்று அடித்துவிட்டுப்போன வெள்ளைப் பூச்சு, வெயிலில் வெந்த முதுகுத்தோல் மாதிரி பட்டை பட்டையாக உரிந்து தொங்கியது. அடியில் பழைய மஞ்சள் கறை, கொழகொழவென்று ஏதோ பாசி. ச்சீ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

குரங்கணியில் சௌந்தரபாண்டியன் தன் ஏலக்காய்த் தோட்டத்துப் பங்களாவை மலையேற வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அங்கே கிடந்த பழைய இரும்புக் குளியல் தொட்டிக்குப் பூச்சு அடித்தவன் நான். அன்றைக்கே படித்துப் படித்துச் சொன்னேன்: தொட்டி பழசுதான், மேல்பூச்சு மட்டும்தான் புதுசு. மூன்று நாள் சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. அப்புறமும் சோப்பும் பஞ்சும்தான். ஆசிட் ஆகாது, கம்பி நார் ஆகாது. பக்குவமாக வைத்துக்கொண்டால் ஏழெட்டு வருடம் வரும். மனுஷன் நன்றாகத் தலையாட்டினார்.

"இந்தா நிக்கிறாளே, இவதான் ஆசிட்ட ஊத்தித் தேச்சிருக்கா" என்றார் இப்போது.

பங்களாவைக் கூட்டித் துடைக்கும் ரேணுகா கதவோரம் நின்றாள். "நான் ஊத்தலண்ணே. இந்த ரூம்பு பூட்டியே கெடந்துச்சு. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

தண்ணீர் போகும் ஓட்டையில் விரலை விட்டேன். அழுகிய ஏலக்காய் மூன்று வழவழவென்று கையோடு வந்தது. ரேணுகாவும் பார்த்தாள்.

பறித்த காய் பச்சை மங்காமலிருக்க, காயவைக்கும் முன் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் ஊறப்போடுவது இங்கே வழக்கம். பெரிய தொட்டியைப் பார்த்ததும் மனுஷனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. பூச்சு காயும் முன்பே மூட்டை மூட்டையாகக் கொட்டி ஊறவைத்திருக்கிறார். அந்தப் பூச்சைக் குடித்த காய் எந்த வீட்டுப் பாயசத்தில் கிடக்கிறதோ!

என்னைத் தனியே இழுத்துப்போனார். "மாப்ளே, காய் சோலி வெளிய தெரிஞ்சா எவனும் எங்கிட்ட வாங்க மாட்டான். ஆசிட்டுன்னு ஒரு வார்த்த சொல்லிரு. மூணாறு பக்கம் பங்களா வாங்கிருக்கேன், அங்க நாலு பழைய குளியல் தொட்டி கெடக்கு. பூச்சு வேல எல்லாம் ஒனக்குத்தான்."

வராந்தாவில் அவர் மனைவி சூர்யகலா காத்திருந்தார். பங்களா அந்தம்மா பொறுப்பு; காய் ஊறவைத்த சங்கதி அவருக்குத் தெரியாது. ரேணுகாவுக்கு வேலை போனால், தோட்டத்தில் அவள் குடியிருக்கும் லைன் வீடும் போகும். எனக்கு அதுவும் தெரியும்.

"என்னண்ணே, ஆசிட்டா?"

"ஆசிட்டாத்தான் இருக்கும்க்கா" என்றேன். தொட்டியைவிட என் வாய் நாறியது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள வீட்டக் காலி பண்ணிரு, ரேணுகா" என்றார் சூர்யகலா.

அவள் உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் மூன்று டம்ளர் டீயோடு வந்தாள்.

"ஏலக்கா தட்டிப் போட்ருக்கேண்ணே. போன வாரம் காஞ்ச காயி, நம்ம தோட்டத்துதுதான்."

சூர்யகலா அதற்குள் இரண்டு வாய் குடித்துவிட்டார். சௌந்தரபாண்டியன் டம்ளரைத் தொடவில்லை. ரேணுகா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டம்ளர் என் கையில் சுட்டுக்கொண்டிருந்தது.